முத்துலட்சுமி ரெட்டி வந்துருச்சா?

செவ்வாய்க்கிழமைகளில் சுகாதார நிலையத்து வராந்தாவில் கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மயிலாடும்பாறையைச் சுற்றியிருக்கிற ஊர்களிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியவர்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் இங்கே வந்து நிற்கும்: "ஏக்கா, ஒனக்கு முத்துலட்சுமி ரெட்டி வந்துருச்சா?"

"ஒரு தவணை வந்துருச்சு. அடுத்ததுக்குப் பிள்ளைக்கு ஊசி போட்டு முடிக்கணுமாம்."

பணத்தைத்தான் கேட்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000, 2018 முதல் 18,000. கடைசித் தொகையில் 14,000 ரொக்கமாகக் கணக்கில் ஏறும். மிச்சத்துக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். மூன்று மாதத்துக்குள் பதிந்துகொள்ள வேண்டும், பரிசோதனைக்கு வர வேண்டும், அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற வேண்டும், தடுப்பூசி போட வேண்டும். இதையெல்லாம் பார்த்துத் தவணை தவணையாகத் தருகிறார்கள்.

யார் அந்த முத்துலட்சுமி என்று ஒரு பெரியம்மாவைக் கேட்டேன். பேத்தியின் பிரசவத்துக்குத் துணையாக வந்தவர். "யாரோ பெரிய எடத்துப் பொம்பள போலத்தா. பிள்ளைத்தாச்சிகளுக்குன்னு சொத்த எழுதி வச்சுட்டுப் போயிருக்கும். அதுலருந்து பிரிச்சுக் குடுக்குறாக" என்றார்.

திருத்தலாம் என்று வாயெடுத்தேன், விட்டுவிட்டேன். பணத்தைப் பற்றி அவர் சொன்னது தப்பு. எழுதி வைத்துவிட்டுப் போனார் என்பது தப்பில்லை.

*

1886 ஜூலை 30, புதுக்கோட்டை. அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்துப் பெண்.

அதே 1886-இல் மராட்டியப் பெண் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் வாங்கினார். மறு ஆண்டே, ஒரு நோயாளியையும் தனியாகப் பார்க்கும் முன், 21 வயதில் காசநோயில் இறந்துபோனார். ஒருத்தி வாங்கிய பட்டம் சுவரில் தொங்க, இன்னொருத்தி பிறந்திருக்கிறாள். இதில் தொடர்பு எதுவும் இல்லை. இருந்தாலும் அந்த ஆண்டைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

முத்துலட்சுமியை முதல் பெண் மருத்துவர் என்று மேடைகளில் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லத் தேவையில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அந்த முதல் நால்வரில் ஒருவர். முத்துலட்சுமி வந்தது 1907-இல். அவர் முதலாவதாக இருந்த இடங்கள் வேறு, அவையே போதும். இல்லாத முதலிடத்தைச் சேர்த்துக் கொடுத்தால் இருக்கிறதும் சந்தேகமாகிவிடும்.

*

பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொடுத்துவிட வேண்டும் என்று அம்மா. படிக்கட்டும் என்று அப்பா. அந்த வீட்டில் இரண்டு பேருமே பயந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. எந்த மரபிலிருந்து மகள் தப்பிக்க வேண்டும் என்று சந்திரம்மாளுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்த ஒரே வாசல் கல்யாணம். நாராயணசாமி ஐயர் கண்ட வாசல் புத்தகம். அந்தத் தாயைப் பிற்போக்கு என்று ஒரு வரியில் எழுதித் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.

வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறினாள் பெண். பிறகு ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர மனுப் போட்டாள். ஊரில் எதிர்ப்பு. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சம்மதித்துச் சேர்த்துக்கொண்டார். பையன்கள் பார்க்காதபடி திரைபோட்ட வண்டியில் வந்து, வகுப்பில் திரைக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து படித்தாள் என்பது எல்லோரும் சொல்கிற கதை.

திரையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பெண்ணைப் பற்றியே எழுதுகிறார்கள். திரைக்கு அந்தப்பக்கம் இருந்த பையன்கள் என்ன படித்தார்கள், என்ன ஆனார்கள்?

*

1912. எம்.பி. அண்டு சி.எம். பட்டம், பதக்கங்களோடு. அறுவைப் பாடத்தில் முதலிடம். பெண்களை வகுப்பில் உட்கார வைக்கவே விரும்பாத ஆங்கிலேயப் பேராசிரியர், அந்த விடைத்தாளைத் திருத்திய பிறகு கதவைத் திறந்துவிட்டார் என்று சொல்வார்கள். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன். அந்த வேலையில் அமர்ந்த முதல் பெண் அவர்தான்.

கத்தி பிடிக்கிற கையைப் பற்றி நிறையச் சொல்வார்கள்: நடுங்கக் கூடாது, சுத்தமாக இருக்க வேண்டும், இத்யாதி. அதைவிட முக்கியமானது நேரம் என்று நினைக்கிறேன். எங்கே அறுப்பது என்று படம் பார்த்துப் படித்துவிடலாம். எப்போது என்பதைப் படத்தில் போட முடியாது. "இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்" என்ற பேச்சு எந்த இடத்தில் நிதானம், எந்த இடத்தில் கொலை என்று கண்டுகொள்கிறவர்தான் அறுவை மருத்துவர். முத்துலட்சுமியின் மீதி வாழ்க்கை முழுவதும் இந்தப் புத்திதான் வேலை செய்திருக்கிறது. நெடுங்காலம் அறுவைக்கூடத்தில் நின்றவர் என்று அவரைச் சொல்ல முடியாது. நல்ல வருமானமும் பேரும் வந்துகொண்டிருந்த பெண்கள் மருத்துவத்தையே பாதியில் குறைத்துக்கொண்டு வெளியே வந்தவர். வெளியே வந்து, ஊர் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று விட்டுவைத்திருந்த புண்களைத் தொட்டார்.

*

இந்தப் பள்ளத்தாக்கில் நாங்கள் காத்திருக்கப் பழகியவர்கள். வைகை எங்கள் தலைமேட்டு மலையில்தான் பிறக்கிறது. ஆனாலும் மூல வைகை வருசத்தில் பாதி நாள் மணலாகத்தான் கிடக்கும். மழைக்குக் காத்திருப்போம். தேங்காய் விலைக்குக் காத்திருப்போம். இலவங்காய் வெடிக்கக் காத்திருப்போம். அரசரடி, வெள்ளிமலைப் பக்கத்து ஆட்கள் கீழே இறங்க ஜீப்புக்குக் காத்திருப்பார்கள். காத்திருப்பது இங்கே ஒரு குணமாகவே ஆகிவிட்டது. பொறுமை என்று பாராட்டவும் செய்கிறோம்.

அந்தப் பொறுமையை உடம்பு விசயத்திலும் காட்டுகிறோம்.

*

1914-இல் கல்யாணம். மாப்பிள்ளை சுந்தர ரெட்டி, அவரும் அறுவை மருத்துவர், இங்கிலாந்தின் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றவர். பெண் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: என்னைச் சமமாக மதிக்க வேண்டும், என் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அவர் ஒத்துக்கொண்டார். வாக்கையும் காப்பாற்றினார். இரண்டாவதுதான் பெரிய செய்தி.

ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரண்டு ஆண் பிள்ளைகள்.

அர்ப்பணிப்புள்ள தாய் என்றதும் நமக்கு அடுப்படி ஞாபகம்தான் வருகிறது. பிள்ளைக்காகத் தன் படிப்பை, வேலையை, தூக்கத்தை விட்டவள். எங்கள் பக்கம் அதற்கு எத்தனையோ உயிருள்ள சாட்சிகள் இருக்கிறார்கள். அவர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்த அம்மாள் விடவில்லை, கூடவே கூட்டிக்கொண்டு போனார். 1925-இல் அரசு உதவித்தொகையில் மேற்படிப்புக்காக லண்டன் கிளம்பியபோது கணவரும் பிள்ளைகளும் சேர்ந்துதான் கப்பல் ஏறினார்கள். அங்கே பெண்கள், குழந்தைகள் மருத்துவம். கூடவே புற்றுநோய் மருத்துவமனையில் பயிற்சி. 1926-இல் பாரிஸில் பெண்களின் சர்வதேச மாநாடு.

மனைவியின் படிப்புக்காகப் புருசன் குடும்பத்தோடு ஊர் மாறுவது இன்றைக்கும் எங்கள் ஊரில் பேச்சுக்கு உள்ளாகும். 1925-இல் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசிக்கவே வேண்டாம்.

*

ஏன் புற்றுநோய்?

தங்கை. 1923-இல் புற்றுநோயில் போய்விட்டார். வீட்டில் இரண்டு மருத்துவர்கள், இரண்டு பேரும் கத்தி பிடிக்கத் தெரிந்தவர்கள். ஒன்றும் செய்ய முடியவில்லை.

மருத்துவர் வீட்டுச் சாவு வேறு மாதிரி. மற்ற வீடுகளில் விதி என்று சொல்லி அழுது முடிக்கலாம். தெரிந்தவர்களுக்கு அந்த வசதி கிடையாது. நாள்கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். எந்த மாதம் கண்டுபிடித்திருந்தால்? எந்த வாரம் அறுத்திருந்தால்? அந்தக் கணக்கை அவர் 31 வருசம் மனதில் வைத்திருந்தார்.

*

லண்டனிலிருந்து திரும்பியதும் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமனம், 1926 இறுதியில். மருத்துவத்தை விட்டுவிட்டுப் போக அவருக்கு முழு மனசில்லை. போனார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர். 1927-இல் துணைத்தலைவராக ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

மூன்றரை வருசம்தான் இருந்தார். குழந்தைகளுக்கென்று தனி மருத்துவமனை, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்ணின் கல்யாண வயது, பெண்களை விற்கிற தொழிலுக்குத் தடை. கேட்டதெல்லாம் மருத்துவரான ஒரு தாய் தன் அறையில் தினமும் பார்த்தவை. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குப் பிரசவம் பார்த்த கைக்குக் கல்யாண வயதைப் பற்றிய தத்துவ விவாதம் தேவைப்படாது.

சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க 1927-இல் தீர்மானம் கொண்டுவந்தார். மரபு, கலை, கோயில் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் மறுப்பு. மெதுவாகச் செய்யலாம், சமூகம் தானாகத் திருந்தும் என்றார்கள். 1929-இல் அந்தப் பெண்களின் மானிய நிலங்களைக் கோயில் சேவையிலிருந்து விடுவிக்கும் திருத்தம் வந்தது. முழுத் தடைச் சட்டம் 1947-இல்தான். இருபது வருசம்! அந்த இருபது வருசத்தில் எத்தனை சிறுமிகளுக்குக் கழுத்தில் தாலி ஏறியிருக்கும்.

அந்தச் சட்டத்தால் கலை தெரிந்த பெண்கள் பலர் பிழைப்பையும் மரியாதையையும் சேர்த்தே இழந்தார்கள் என்று இன்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. அறுவையில் நல்ல சதையும் கொஞ்சம் போகும். ஆனால் அவர் அதை வெளியிலிருந்து அறுக்கவில்லை. சந்திரம்மாளின் மகளாக, தன் உடம்பிலேயே அறுத்தார். அந்த வலியை அறிந்தவர் தீர்ப்பை, நூறு வருசம் கழித்து உட்கார்ந்து படிக்கிற நான் அவசரமாக மாற்றி எழுத மாட்டேன்.

1930-இல் காந்தி கைதானதும் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

*

அதே 1930. தேவதாசிக் குடும்பத்துச் சிறு பெண்கள் சிலர் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். போக இடமில்லை. விடுதிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அதுதான் அவ்வை இல்லம். பின்னால் அடையாறில் பள்ளியும் விடுதியுமாக வளர்ந்தது.

சட்டம் கேட்டவர் வீட்டுக் கதவையும் திறந்து வைத்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. சட்டமன்றத்தில் பேசிவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ராம்மோகனுக்கும் கிருஷ்ணமூர்த்திக்கும் அன்றைக்கு என்ன வயசு? பத்துக்கும் பதினாறுக்கும் நடுவே. வீட்டில் திடீரென்று அக்கா தங்கைகள் நிறைந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அம்மாவைப் பங்குபோட வேண்டி வந்திருக்கும். ஒரு நாளாவது முகத்தைத் தூக்கி வைத்திருக்க மாட்டார்களா?

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை என்றாலே ஒரு பழைய பயம் இருந்தது. மலைக்கு அந்தப்பக்கம் உசிலம்பட்டியின் பேர் 1980-களில் பத்திரிகைகளில் அடிபட்டபோது, இந்தப்பக்கத்துக் கிழவிகளும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். 1992-இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது: வேண்டாம் என்றால் கொல்லாதே, எங்களிடம் கொடு. அறுபது வருசத்துக்கு முன் ஒரு வீட்டு வாசலில் நடந்ததை, அரசாங்கம் தொட்டில் கட்டிச் செய்ய வேண்டி வந்தது. அந்தக் கிழவிகளில் ஒருத்தரோடு நான் பல வருசம் பக்கத்து வீட்டில் இருந்தேன். அவர் இதைப் பற்றிப் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

*

1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் பேரில் புற்றுநோய் நிவாரண நிதி. அறுபது வயதைத் தாண்டியவர் உண்டியல் குலுக்குகிறார். புற்றுநோய்க்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி, அதில் ஆட்கள் செத்துத்தானே போகிறார்கள் என்று மந்திரி ஒருவரே கேட்டதாக, பின்னாளில் அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்த டாக்டர் சாந்தா பல தடவை சொல்லியிருக்கிறார்.

1952 அக்டோபரில் நேரு வந்து அடிக்கல் வைத்தார். 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் நிலையம் திறந்தது. பன்னிரண்டு படுக்கை. கூரைக் கொட்டகைகளைவிடச் சற்று மேலான கட்டடம்.

நடத்தப்போவது யார்? இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி. மருத்துவம் படித்து, வெளிநாட்டில் புற்றுநோய் சிகிச்சை கற்றுத் திரும்பியவர். தனியாகத் தொழில் செய்திருந்தால் மாளிகை கட்டியிருக்கலாம். சம்பளம் இருக்குமா என்றே தெரியாத இடத்தில் அம்மா நிறுத்தினார்.

இங்கேதான் எனக்கு நெருடுகிறது. ஒரு தாய் தன் துக்கத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றலாமா? தங்கையின் சாவு அக்காளுடையது. 1923-இல் அந்தப் பையனுக்கு நாலைந்து வயசு. சித்தியின் முகமாவது ஞாபகம் இருந்திருக்குமா? டாக்டராக வேண்டும் என்று பிள்ளையை நெருக்குகிற பெற்றோரை நாம் குறை சொல்கிறோம். இவரும் நெருக்கத்தான் செய்திருக்கிறார். ஒரே வித்தியாசம், நெருக்கிய திசையில் காசு இல்லை.

இதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. கிருஷ்ணமூர்த்தி 2010-இல் இறக்கும் வரை அந்த நிலையத்தை விட்டுப் போகவில்லை என்பது மட்டும் தெரியும். அம்மா 1968-இலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு 42 வருசம். கண்டிக்கிற கண் மூடிய பிறகும் ஒருவர் அத்தனை காலம் ஓரிடத்தில் நின்றால், அதை அவருடைய வேலை என்றுதான் சொல்ல வேண்டும்.

1955-இல் அங்கே வந்து சேர்ந்தவர் சாந்தா. அரசு மருத்துவமனையில் தேர்வாணையம் கொடுத்த வேலையை விட்டுவிட்டு வந்தார். வளாகத்திலேயே குடியிருந்தார், 2021 ஜனவரியில் இறக்கும் வரைக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முத்துலட்சுமிக்கு இரண்டு மகன்கள் என்றுதான் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஒரு மகளும் உண்டு என்று சேர்த்துக்கொள்ளலாம்.

*

மலைச்சரிவில் இலவம் வெடிக்கிற பங்குனி. காற்றில் பஞ்சு பறந்து வாசலெல்லாம் கிடக்கிறது. கூட்டினாலும் போகாது, தண்ணி தெளித்துத்தான் அள்ள வேண்டும்.

புற்றுநோயைப் பற்றிச் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் ஆயுள் முழுக்கச் சொன்னது ஒரே சங்கதி: சீக்கிரம் வாருங்கள். மார்பில் வருகிற கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலித்தால் எங்கள் பெண்கள் வந்துவிடுவார்கள். வலிக்காததால் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு களை எடுக்கப் போகிறார்கள். கர்ப்பப்பை வாயில் வருவதற்கு அறிகுறி நேரந்தவறிய உதிரம், நிற்காத வெள்ளைபடுதல். அதை வீட்டுக்காரரிடம் சொல்லவே கூச்சம், டாக்டரிடம் எப்படிச் சொல்வது. இப்போது சுகாதார நிலையத்திலேயே முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு இரண்டையும் பார்க்கிறார்கள். நர்ஸ் வீடு வீடாக வந்து கூப்பிடுகிறார். "வாரேன்மா" என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

மேலே பார்க்க வேண்டியிருந்தால் க.விலக்கு, தேனி அரசு மருத்துவக் கல்லூரி. அந்த வாசலில் காலை நேரத்தில் வெள்ளைக் கோட்டோடு போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். நடுவே திரை எதுவும் இல்லை.

*

மதினி நேற்றுச் சாயங்காலம் வந்தார். தெரு முழுக்க இலவங்காய் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்காரவில்லை, நிலைப்படியில் குந்தினார். நெடுநேரம் பேரனைப் பற்றியே பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்குள் பக்கம் ஒரு கட்டி மாதிரி இருக்குத்தா" என்றார்.

"எம்புட்டு நாளா?"

"தைப் பொங்கலுக்கு முன்னாடியே இருந்துச்சு. வலி ஒண்ணும் இல்ல. அதான் விட்டுட்டேன்."

"அண்ணன்கிட்டச் சொன்னீங்களா?"

"அவுககிட்ட எதுக்கு?" கொஞ்சம் பேசாமல் இருந்தார். "அங்க பாக்குறது ஆம்பள டாக்டரா, பொம்பள டாக்டரா?"

"பொம்பள டாக்டர் இருக்காங்க மதினி. நர்ஸ்கிட்டச் சொல்லி அவங்ககிட்டயே காட்டுவோம்."

"அப்பச் சரி" என்று எழுந்தார். "காய் பறிப்பு முடியட்டும். போயிட்டு வந்துருவோம்."

"பறிப்பு முடிய சித்திரை கடந்துரும். ஆளு கூலிக்குக் கெடைக்கும், நான் பேசுறேன். நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வாங்க. ஆதார் கார்டு, காப்பீட்டு அட்டை ரெண்டையும் எடுத்துக்கங்க."

"நாளைக்கேவா?"

"நாளைக்கே."